கம்பத்தைப் பிடித்தவர்

டிசம்பர் 21, ஞாயிறு

காற்று காலையிலிருந்தே ஓயவில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிய மூங்கில் சாய்ந்துவிடுமோ என்று பயந்து, காலி உரச்சாக்குகளில் மணலை நிரப்பி அடியில் முட்டுக் கொடுத்தேன். மதியம் பழைய நைலான் கயிற்றால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினேன். எல்லாம் தனியாகத்தான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா கேட்டாங்க: "உன் வீட்டுக்காரர் துபாய்லேருந்து எப்ப வந்தாரு? நீ கயிறு கட்டுறப்ப மூங்கிலைப் புடிச்சுக்கிட்டு நின்னாரே?"

உடனே துபாயில் இருக்கும் அவருக்குப் போன் அடித்தேன். ஐந்து தடவை எடுக்கவில்லை. ஆறாவது தடவை எடுத்தார்.

"மதியம் அசந்து தூங்கிட்டேன் மேரி. கனவுல ஒரே காத்து. எதையோ விடாம புடிச்சுக்கிட்டே நின்னேன். இன்னும் கை வலிக்குது."

அக்கா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே காற்று இரைகிறது. கட்டிய பிறகும் ஆடிக்கொண்டிருந்த மூங்கிலின் சத்தம் மட்டும் இப்போது கேட்கவில்லை. ஜன்னலைத் திறக்க மனசு வரவில்லை.