அவசரத்துக்கு ஒரு பெயர்

எடிசன், நியூ ஜெர்சி,
மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஸ்ம்ருதிக்கு அம்மா எழுதுவது.

இங்கு நான் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும். இந்தத் தடவை அதில் முக்கால்வாசி நிஜம், மீதியைக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஆர்யனும் ஃப்ரீமான்ட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது நீ எப்போதும் காரில் இருக்கிறாய். நான் ஒரு விஷயத்தை எடுத்து நடுவுக்கு வருவதற்குள், அம்மா எக்ஸிட் வந்துடுச்சு, அப்புறம் பேசறேன் என்கிறாய். பின்சீட்டிலிருந்து ஆர்யன் ஹாய் பாட்டி சொன்ன அதே மூச்சில் பை பாட்டியும் சொல்லிவிடுகிறான். இது எக்ஸிட் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும், பரவாயில்லை, நிறுத்தி நிறுத்திப் படி. சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டே வந்தாயே, இந்த ஒரு கடிதத்துக்காவது அது உதவட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை சொல்லாமலே முடித்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் சேம்பரில், அதுதான் தொழில் நடத்தும் பெண்களின் சங்கத்தில், மார்ச் மாதம் உறுப்பினர் படிவத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி உண்டு. மூன்று வருஷமாக அந்த வரியில் உன் பெயரும் உன் நம்பரும்தான். இந்த வருஷம் அங்கே வேறு பெயர் எழுதப் போகிறேன். ஆறு நாளாகப் படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது, மற்ற எல்லாம் எழுதியாயிற்று, அந்த ஒரு வரி மட்டும் காலி. உன்னிடம் சொல்லாமல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சேம்பர் என்றால் உனக்குச் சிரிப்பு. போன தீபாவளிக்கு வந்தபோது, என்னம்மா, உங்க கிட்டி பார்ட்டி எப்படிப் போகுது என்று கேட்டாய். நானும் சிரித்து வைத்தேன். அப்பா போன பிறகு நம் கடையை மூடிவிடுவதாகத்தான் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பதும் விசா படிவம் நிரப்புவதும் ஒரு வியாபாரமா, இருவராக உட்கார்ந்து செய்ததை ஒருத்தியாக எதற்குச் செய்ய வேண்டும் என்று ஒரு மாதம் ஷட்டரைத் தூக்கவே இல்லை. அப்போது எதிர்ச் சாரியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கும் ஹன்ஸாபென் வீட்டுக்கே வந்தாள். நீ அழு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அழு என்று அவளுடைய குஜராத்தி கலந்த இங்கிலீஷில் சொல்லி, சேம்பர் படிவத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். அவள்தான் தலைவி. மொத்தம் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம், பாதிப் பேர் நம்மவர்கள், மீதி எல்லா தேசமும் உண்டு. ஸ்வீட் கடை வைத்திருந்த ஒருத்தியின் சமையலறையில் தீப்பிடித்தபோது, அவள் மறுபடி அடுப்பு ஏற்றும் வரை ஐந்து வாரம் ஆளுக்கொரு நாள் எங்கள் வீட்டில் செய்து அவள் கவுண்டரில் வைத்து விற்றோம். என் மைசூர்பாகை வாங்கியவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தார்களா என்று மட்டும் கேட்காதே. மாதம் ஒரு ஞாயிறு லைப்ரரியில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறோம், அது என் பொறுப்பு.

அந்தப் பெரியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று சொல்வார்கள். அவசரத்துக்கு யார் என்று கேட்டதும் டெக்ஸாஸில் இருக்கும் மகன் நம்பரை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், முகத்தில் ஒரு பெருமை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாமா, இது யாரு மேல பாசம்னு கேக்கற இடம் இல்ல, அரை மணிக்குள்ள யாரு வந்து நிப்பாங்க, அவங்க பேரைச் சொல்லுங்க என்பேன். பக்கத்து வீட்டுக்காரர், கோயிலில் பழகியவர் என்று யாரையாவது யோசித்துச் சொல்வார்கள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும். முன்பு கடையில், இப்போது லைப்ரரியில் என்று பத்து வருஷமாக நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் படிவத்தில் எழுதியது மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் உன் நம்பரை. ஊருக்குத்தான் உபதேசம். ஹன்ஸாபென் அப்போதே கேட்டாள், கலிஃபோர்னியா நம்பர் வேண்டாமே என்று. பெற்ற பெண் இருக்கும்போது இன்னொருத்தி பெயரை எழுதினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு வீம்பு.

சேம்பரில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகக் கடை நடத்துகிறவர்கள் கடையைத் திறந்ததும் வாட்ஸப் குழுவில் திறந்தாச்சு என்று ஒரு வார்த்தை போட வேண்டும், அவரவர் பாஷையில். பத்தரைக்குள் வராவிட்டால், பட்டியலில் அடுத்த பெயர் யாருடையதோ அவள் போன் பண்ண வேண்டும், எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு அடுத்த பெயர் பஸீலா. காயல்பட்டினத்துப் பெண், புதிதாக வந்த பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள், ஒரு நிமிஷம் வாய் ஓயாது.

ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை. முன் பக்கம் பனியைத் தள்ளிக் குவித்து வைத்திருந்தார்கள் என்று கடையின் பின் வாசல் வழியாகப் போனேன். படியில் கண்ணாடி மாதிரி ஐஸ். இடது கை அடியில் மாட்ட விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை, போன் காருக்குள் கைப்பையில். பின் பக்கம் குப்பை வண்டியைத் தவிர யார் வருவார்கள். கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தேன், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை. பத்தரை ஆக வேண்டும், பத்தரை ஆக வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த நேரத்தில் பஸீலா பாடத்தில் இருந்தாளாம், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்திருந்தாள். பார்க்கிங் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், இப்ப லெஃப்ட் எடு, சாரதாக்கா கடைக்கு விடு என்றாளாம். ஆன்ட்டி, ஓக் ட்ரீ ரோடுல நான் இதுவரைக்கும் லெஃப்ட் எடுத்ததே இல்ல என்று எதிரே வரும் வண்டிகளைக் கடக்கப் பயந்து அது அழ, இன்னைக்கு எடுக்கறே என்று இவள் அதட்ட, இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பஸீலா தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டுவிட்டு ஐஸிலேயே உட்கார்ந்துகொண்டாள். அசையாதீங்கக்கா, நான் வந்துட்டேன்ல என்று ஆம்புலன்ஸ் வரும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் பேசவில்லை, அவளுக்கு அது பெரிய விஷயம்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. பயப்படாதே, கட்டுப் பிரித்தாயிற்று, விரல் எல்லாம் நன்றாக மடங்குகிறது. இப்போது நீ என்ன கேட்பாய் என்று தெரியும், ஏன் சொல்லவில்லை என்பாய். ஹன்ஸாபென் படிவத்தைப் பார்த்து உன் நம்பருக்கு மூன்று தடவை கூப்பிட்டாள். உனக்குக் காலை எட்டு மணி இருக்கும், ஆர்யனை டேகேரில் விடுகிற நேரம். இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்தது, மூன்றாவது தடவை இப்போது பேச முடியாது என்று போனே ஒரு செய்தி அனுப்பியது. பொண்ணு பிஸியா இருப்பா, கூப்பிடுவா என்று பஸீலா என்னைப் பார்க்காமல் சொன்னாள். சாயங்காலம் நீ கூப்பிட்டாய், காரிலிருந்துதான். எடுத்ததும், இன்னைக்குக் காலைல ஏதோ நியூ ஜெர்சி நம்பர்லேர்ந்து மூணு கால்மா, அந்தக் கார் வாரண்டி விக்கற ஏமாத்துக்காரங்க, பிளாக் பண்ணிட்டேன் என்றாய். நான் கையில் கட்டோடு இதே சோபாவில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம்மா, இங்கேயும் அப்படித்தான் வந்துகிட்டே இருக்கு என்றேன்.

ஸ்ம்ருதி, அன்றைக்கு நான் மிகவும் அழுதேன். கை வலித்தது உண்மை, ஆனால் அழுதது அதற்காக இல்லை. உன் மேல் தப்பே இல்லை, தெரியாத நம்பரை நானும்தான் எடுக்க மாட்டேன். உன் ஆபீஸில் ஆட்களைக் குறைக்கிற வாரம், எந்த நேரம் யார் பெயர் வருமோ என்று நீ நடுங்கிக்கொண்டிருந்தாய், அதில் இதை எப்படிப் போடுவது என்று ஒரு நாள் தள்ளினேன், பிறகு தள்ளிய நாளைச் சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. வீடியோவில் வாம்மா என்றபோதெல்லாம் கட்டு தெரிந்துவிடும் என்று கேமரா கெட்டுவிட்டது என்றேன். நீ நம்பி மறுநாளே புது டேப்லெட் ஆர்டர் பண்ணி அனுப்பிவிட்டாய். அது பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது, ஒவ்வொரு தடவை அலமாரியைத் திறக்கும்போதும் குற்றவாளி மாதிரி இருக்கிறது. பெற்ற மனம் பித்து என்பார்கள், பழமொழியின் மறுபாதியை நான் சொல்ல மாட்டேன், அது உனக்குப் பொருந்தாது.

உடனே ஃப்ரீமான்ட்டுக்கு வந்துவிடு என்பாய், டிக்கெட்டே போட்டுவிடுவாய். உன் வீட்டில் எனக்கு என்ன குறை, அறை இருக்கிறது, பூஜை அலமாரி இருக்கிறது. ஆனால் காலை ஏழரைக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் ஆறரை மணி வரை அங்கே யாரும் இல்லை, நான் இல்லாவிட்டாலும் தெரியாது. இங்கே பத்தரைக்கு என்னை ஒருத்தி எதிர்பார்க்கிறாள். இங்கேயும் தனிமை இல்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. இருப்பதிலேயே சின்ன குக்கரில் சாதம் வைத்தாலும் இரண்டு நாளைக்கு வருகிறது. போன மாதம் ஹாலில் புகை அலாரத்துக்கு பேட்டரி தீர்ந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சென்று கத்தியது. எனக்கு எட்டவில்லை, கையும் கட்டில் இருந்தது. நாலாம் நாள் பஸீலா ஏணி போட்டு மாற்றினாள். அவள் போன பிறகு வீடு அடங்கிப் போய், அதுவாவது கத்திக்கொண்டிருந்ததே என்று தோன்றியது. இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் உனக்கு வேலை ஓடாது என்றுதான் சொல்வதில்லை.

அதனால் அந்த வரியில் பஸீலா பெயரை எழுதுகிறேன். அவள் வீடு பதினொரு நிமிஷம், லெஃப்ட் எடுக்கத் தெரிந்தவள் ஓட்டினால். பக்கத்தில் என்ன உறவு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தங்கச்சின்னு போடுங்கக்கா, யாரு வந்து பாக்கப் போறா என்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் பொய்யாக நிரப்பியதில்லை, சிநேகிதி என்றுதான் எழுதுவேன். உன் பெயரை எடுத்துவிட்டேன் என்று வருத்தப்படாதே, உன்னை எடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டதில் எனக்கு மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது, நீ படிக்கும்போது உனக்குக் கனக்கும் என்றும் தெரியும், மன்னித்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்கலாமா? சேம்பரில் திறந்ததைச் சொல்லத்தான் வழக்கம், பூட்டியதைச் சொல்ல வழக்கம் இல்லை. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் பத்தரை வரை நான் இருக்கிறேனா என்று யாருக்கும் தெரியாது. பதினாறரை மணி நேரம் அப்படிப் போகிறது. இனிமேல் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியதும் உனக்கு வாட்ஸப்பில் பூட்டியாச்சு என்று ஒரு வார்த்தை அனுப்புகிறேன். உனக்கு அப்போது மத்தியானம் நாலு மணி, மீட்டிங்கில் இருப்பாய், பதில் எல்லாம் வேண்டாம். நீ பார்த்ததற்கு அந்த நீலக் கோடு விழுந்தால் போதும். இங்கே ஏழரைக்குள், அதாவது உனக்கு நாலரைக்குள், என்னிடமிருந்து வராவிட்டால் பஸீலாவைக் கூப்பிடு. அரை மணியில் வர உன்னால் முடியாது, ஆனால் என் வார்த்தை வரவில்லை என்று முதலில் தெரிந்துகொள்வது நீயாக இரு. அதற்குப் படிவத்தில் வரி கிடையாது, இருந்திருந்தால் உன் பெயரை யோசிக்காமல் எழுதியிருப்பேன்.

ஆர்யனுக்குக் குளிர் காற்று ஆகாது, காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் உனக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நூறாண்டு நிறைவாக இருக்க என் ஆசி எப்போதும் உண்டு. பஸீலாவின் நம்பரையும் ஹன்ஸாபென் நம்பரையும் இந்தக் காகிதத்தின் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறேன். மறக்காமல் பெயர் போட்டுப் பதிந்து வை, ஹன்ஸாபென்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிடு பாவம். அந்த நம்பர் வந்தால் காரை ஓரமாக நிறுத்திவிட்டு எடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சாரதா வெங்கடாசலம்.

பி.கு. மணி ஏழேகால். பூட்டியாச்சு. இது உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும், பரவாயில்லை.