கூட்டின இடத்தில் நின்ற தீ

அன்புள்ள அம்மாவுக்கு,

தேன்மொழி எழுதுதேன். உன் மூட்டுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். அணைக்கு மேல இந்தக் காட்டுல டவர் கிடைக்காது, அதான் கடுதாசி.

தீ தாண்டாம இருக்க, சருகெல்லாம் கூட்டித் தள்ளி, மலையைச் சுத்தி வெறுந்தரையா ஒரு பாதை போட்டிருக்கோம். தினமும் சருகு விழும், தினமும் கூட்டணும். கூட வேலை பாக்குத இசக்கித்தாயக்கா ஒரு நாளும் விடமாட்டா. "ஏளா, இங்கன எரிஞ்சா, மழையில சாம்பல் பூரா ஊரு குடிக்குத ஆத்துலதான் இறங்கும்"பா.

போன வாரம் நெசமாவே தீ வந்துச்சு. அக்கா கூட்டின இடத்துக்கு வந்ததும், எரிய ஒண்ணுமில்லாம பைய அணைஞ்சு போச்சு. என்ன பொம்பளைம்மா அவ! எனக்குப் புருவம் லேசா கருகுச்சு, அவ்வளவுதான்.

வாசல் கூட்டமாட்டேன்னு ஏசுவியே, இப்ப காட்டையே கூட்டுதேன்.

இந்தக் கடுதாசியோட ஜீப் கிளம்புது. புகைக்கு மூஞ்சியில கட்ட உன் பழைய சேலை ஒண்ணு கொடுத்தனுப்பு. துவைச்சிராத.