ரைஸ்மில்காரர் எழுதிய ஒரு வரி

கண்டனூர்
20.2.1972

அன்பு மகன் மருதுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை நாகவல்லியும் சினைப்பசுவும் சுகம். பட்டாளத்தில் உன் சுகத்தையும், அந்தப் பனியில் சளி பிடித்ததா என்பதையும் ஒளிக்காமல் எழுது.

சண்டை முடிந்ததல்லவா, ஊர்ப் பெரிய மனிதர்கள் சமாதானத்தைப் பற்றிக் கைப்பட எழுதியதை ஒரு நோட்டில் சேர்க்கும்படி பள்ளிக்கூடத்தில் நாகவல்லியிடம் சொல்லிவிட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டி யார் போனாலும் நோட்டோடு ஓடுகிறாள். டாக்டர் ஒரு பக்கம் எழுதினார், ஒன்றும் விளங்காமல் கம்பவுண்டரிடம் காட்டினாள், அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "சமாதானமுன்னு ஒரு எடத்துல தெரியிது தாயி, மிச்சமெல்லாம் மருந்து மாதிரி இருக்கு" என்றாராம். ரைஸ்மில் முத்துக்கருப்பன் அண்ணன் நோட்டை வாங்கிப் பத்து நாள் தரவில்லை. மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர், முழு நோட்டையும் நிரப்பிவிடுவார் என்று அப்பா சிரித்தார். வியாழக்கிழமை அவரே வந்தார், பக்கம் வெறுமையாக இருந்தது. "பேசச் சொல்லு ஆத்தா, பொழுதன்னைக்கும் பேசுறேன். எழுத்து எனக்குக் கையெழுத்தோட சரி" என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சங்கடமாகிவிட்டது. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன் என்றாள் நாகவல்லி. "கைப்படன்னுதானே கேட்டீக" என்று அவர் ஒப்பவில்லை. கடைசியில் அவர் சொன்னதை இவள் சிலேட்டில் எழுதிக் காட்ட, அவர் பார்த்து எழுதினார். ஒரு மணி நேரம், இரண்டு டம்ளர் காப்பி, சட்டையெல்லாம் வேர்வை. "எல்லாப் பிள்ளைகளும் வீடு வந்து சேரட்டும்." அவ்வளவுதான். அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று, நாகவல்லி திருத்தப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் நோட்டைப் பார்வைக்கு வைத்தார்கள். பெரிய டீச்சர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தார். அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களையெல்லாம் "படிங்க, படிங்க" என்றார், மைக் இல்லாமலே. நான் படித்துவிட்டு நிற்கமுடியாமல் வந்துவிட்டேன், கண்ணில் தூசி என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

ஈரக் காலுறையோடு பூட்ஸ் போடாதே, வயிற்றைக் காயப்போடாதே. கருப்பர் துணையிருந்து உன்னை நூறு வயது வாழவைக்கட்டும். லீவு கிடைத்தால் தந்தி மட்டும் கொடுத்துவிடாதே ராசா, தந்திக்காரன் சைக்கிள் இங்குட்டுத் திரும்பினாலே நான் கருப்பரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறேன். சொல்லாமல் வந்து கதவைத் தட்டு, போதும்.

உன் அம்மா
வீரலட்சுமி