கைகூப்பிய கொசு

இன்று காலை கடைக்குப் போகும் வழியில் ஈரச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. பேகம்பூர் தாண்டி நம் தெரு முனையில் மூடிக் கிடக்கிறதே தோல் குடோன், அதன் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வருகிறதாம். இரண்டு பேர் சுவரில் வேலையாக இருந்தார்கள். ஒருவர் பக்கெட்டில் நீலம் கலக்கிக்கொண்டிருந்தார். சாக்கடைக்குள் கால் வைக்காமலிருக்க நீளமாகப் பலகை போட்டிருந்தார்கள். உனக்கு யாரும் பலகை போடவில்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். சாக்கடை நாற்றம் எனக்குப் பழகிவிட்டது. அந்தச் சுண்ணாம்பு வாசம்தான் இன்னும் பழகவில்லை.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ இருந்தபோதும் நான் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. நீ பேசுவாய், நான் தலையாட்டுவேன். எல்லாரிடமும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நீதான் வந்து ஃப்ளெக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனாய். "ஏ புள்ள, அங்க வாய் வேண்டியதில்ல, கை இருந்தாப் போதும்" என்றாய். என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள் நீ. பன்னிரண்டாவது முடித்து, கம்ப்யூட்டர் படித்து, அந்தக் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தாய். அச்சடித்து வரும் ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்து, ஓரம் மடித்து ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடிப்பது என் வேலை.

காதுகுத்து, கல்யாணம், பூப்பு, கட்சி விழா, எந்த ஃப்ளெக்ஸாக இருந்தாலும் நம் வட்டச் செயலாளரின் முகம் அதில் இருக்கும். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, "வட்டம்" என்றுதான் சொல்வார்கள். அவர் முகத்தை எத்தனை போட்டோவிலிருந்து நீ வெட்டி எடுத்திருப்பாய். தொந்தியைக் குறைப்பாய், தலைமுடியைக் கறுப்பாக்குவாய். அவர் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"பாப்பா, அண்ணனக் கொஞ்சம் வெளுப்பாக் காட்டு."

"இதுக்கு மேல வெளுத்தா ஃப்ளெக்ஸ் மட்டும்தாண்ணே தெரியும், நீங்க தெரிய மாட்டீங்க."

அவரும் சிரிப்பார். ஓனர் சிரிப்பார். தரையில் உட்கார்ந்திருக்கும் நான் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

நீ போன அந்த மழைக்காலத்தில் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். மாலையானால் வாயைத் திறக்க முடியாது, கொசு உள்ளே போகும். சாக்கடையை அள்ளச் சொல்லி உன் அம்மா தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று முறை மனு கொடுத்தார். மூன்று முறையும் வட்டம் சொன்னது ஒரே பதில்தான். "எஸ்டிமேட் போட்டாச்சுக்கா." சாக்கடையை அள்ள ஆள் வரவில்லை. ஆனால் சாக்கடையை ஒட்டிய குடோன் சுவருக்கு ஆள் வந்தது. தேர்தலுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போதே வெள்ளையடித்து, கட்சிப் பெயரைப் போட்டு, "இந்தச் சுவர் முழுவதும் ரிசர்வ்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். எல்லாக் கட்சியும் செய்வதுதான். யார் முதலில் எழுதுகிறார்களோ சுவர் அவர்களுக்கு. மற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். உனக்கு மட்டும் அன்று அது பொறுக்கவில்லை. "செவுத்துக்கு இருக்கிற மரியாத நமக்கு இல்லடி" என்றாய்.

மாநாட்டுக்காகத் தெருவையே வேனில் ஏற்றிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நல்ல வெயில். நாய்கூட இல்லை. உன் அப்பா வண்டிக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த கறுப்பு பெயிண்டை எடுத்துக்கொண்டு வந்தாய். சுவரின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் சாக்கடைக்கு மேல் கல் மூடியிருக்கும். அதில் நின்று நீ வரைந்தாய். ஆளுயரக் கொசு. வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, கைகூப்பி ஓட்டுக் கேட்கும் கொசு. பிறகு பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாய். "ஒன் எழுத்துதான் நல்லாருக்கும். எழுது." பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் என்னிடம் பாராட்டியது கையெழுத்தை மட்டும்தான். நான் எழுதினேன்: இந்தத் தெரு முழுவதும் கொசுக்களுக்கு ரிசர்வ். ஆச்சரியம், எனக்கு அன்று வெட்கமே வரவில்லை. ஒரு சுவர் முழுக்கக் கேட்கும்படி நான் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

எழுதி முடித்துப் பின்னால் வந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏடி, இது வட்டம்டி."

நீ திரும்பிப் பார்த்தாய். அந்த மீசை, இடது புருவத்தின் மேலிருக்கும் மரு, ஒரு பக்கம் இழுத்துச் சிரிக்கும் சிரிப்பு. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் உன் முகம் மாறியது. "எவனோ ஒரு கட்சிக்காரன்னுதாண்டி நெனச்சேன். தெனம் அந்த மூஞ்சியவே வெட்டி வெட்டிக் கை பழகிப்போச்சு." மருவை மட்டுமாவது அழிக்கலாமா என்று யோசித்தோம். ஈர பெயிண்ட், தொட்டால் இழுத்துக்கொள்ளும். தூரத்தில் வேன் ஹாரன் கேட்டது. "இருந்துட்டுப் போகட்டும் வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாய்.

அன்று மாலை தெரு சிரித்த சிரிப்பு! எதிர்வீட்டு அக்கா இடுப்பிலிருந்த குழந்தையிடம், "கும்புட்டுக்கோடா, நம்ம கொசு மாமா வந்திருக்காக" என்றார். ஆளாளுக்கு போனில் படம் எடுத்தார்கள். கட்சித் துண்டோடு வேனிலிருந்து இறங்கியவர்களும் எடுத்தார்கள்.

மறுநாள் வட்டம் கடைக்கு வந்தார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. போனை ஓனரிடம் காட்டி, "என் மூஞ்சிய இம்புட்டு அச்சா யாருக்கு வரையத் தெரியும்?" என்று கேட்டார். ஓனர் கணக்கு நோட்டைப் புரட்டினார். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என் பக்கம் குனிந்தார்.

"நீ சொல்லு பாப்பா. ஒங் கூட்டாளிதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். தலை தானாக ஆடியது.

"எழுத்து யாரு?" என்று அவர் கேட்டபோது நீ நாற்காலியைத் திருப்பினாய். "எல்லாம் நாந்தாண்ணே. இவளுக்கு வாயே கெடையாது, இவ எங்க எழுதப் போறா?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் உன்னைக் காட்டிக்கொடுத்த அந்த நிமிடத்தில் நீ என்னை மறைத்துவிட்டாய். நான் குனிந்து வளையம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"போலீசுக்கெல்லாம் போகல. நம்ம வீட்டுப் புள்ள" என்றார் வட்டம். "நீயே வெள்ளையடிச்சிரு. படத்த மட்டும் அழிச்சா திட்டுத் திட்டாத் தெரியும். முழுச் செவுத்தையும் அடி." ஓனர் இரண்டு நாள் லீவு கொடுத்தார்.

முழுச் சுவரையும் அடிக்க வேண்டுமென்றால் சாக்கடையில்தான் நிற்க வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை இறங்கி, இரண்டு நாள் நின்றாய். முந்தின நாள் சிரித்த தெரு அன்று கதவுக்குப் பின்னால் நின்றது. உன் அம்மா மட்டும் பக்கெட் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பாதிச் சுவர் என்னுடையது. நான் வரவில்லை.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆறாவது நாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக வந்த சுகாதார அக்கா சொன்னார், டெங்குக் கொசு சாக்கடையில் வளராது, நல்ல தண்ணீரில்தான் வளருமாம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். சாக்கடையில் நின்றதால் இல்லை, என்னால் இல்லை என்று. பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீரைத் தெருவே டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறது, அதில் வந்திருக்கும் என்று. இருக்கலாம். ஆனால் நீ சாக்கடையில் நின்றதும் என் தலை ஆடியதும் அதனால் இல்லை என்று ஆகிவிடாது.

நீ போன அன்று மதியமே கடைக்கு ஆர்டர் வந்தது. கண்ணீர் அஞ்சலி, பெரிய சைஸ், வட்டம் சொன்னது. ஓனரே உன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தார். மேலே வரிசையாகத் தலைவர்களின் தலைகள். ஓரத்தில் சின்னதாக உன் படம். நடுவில் பெரிதாக வட்டம் கைகூப்பி நின்றார். அந்த முகம் நீ வெட்டி வைத்தது, நீ வெளுப்பாக்கியது. நான் தரையில் விரித்து, ஓரம் மடித்து ஒட்டினேன். உன் நெற்றிக்கு மேலே வளையம் அடித்தேன். நீ வெள்ளையடித்த சுவரிலேயே அதைக் கட்டினார்கள்.

இன்று மதியம் அவர் தேர்தல் ஆர்டரோடு கடைக்கு வந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, அந்தக் கொசுப் படத்துல எழுத்து நான் எழுதுனது."

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எந்தக் கொசு பாப்பா?"

"குடோன் செவுத்துல. போன வருசத்துக்கு முந்துன வருசம்."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நினைவு வரவில்லை. ஓனரைப் பார்த்துச் சிரித்தார். "அட, இந்தப் புள்ள பேசுதே!" பிறகு நோட்டீஸ் எப்போது ரெடியாகும் என்று கேட்டார்.

நான் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை நாள் இந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தேன். அடி விழும், வேலை போகும், ஏதாவது ஒன்று நடக்கும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியது அவரிடம் இல்லை என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

உன் அம்மா இன்னும் தினமும் வாசலில் நின்று, "சாப்டியாடி?" என்று கேட்கிறார். ஒரே ஒரு கூட்டாளி என்று என்னைத்தான் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். எழுதியது நான், தலையாட்டியதும் நான் என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னால், எந்தக் கொசு, எந்தச் சுவர் என்று அவர் கேட்க மாட்டார்.