உதட்டை அசைக்கச் சொன்னார்கள்

இந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே வேண்டாம். இது இறந்துபோன என் அப்பாவுக்கு எழுதுவது.

அப்பா, பனியன் கம்பெனி வேஸ்ட் துணியை அடைத்து நீங்கள் தைத்துக் கொடுத்த தலையணையில் இன்னும் சாயத்துணி வாசம் வருகிறது. முகம் புதைத்தால் மண்ணரையில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீடே கரைந்துபோகிறது. பக்கத்துக் கம்பெனி மிஷின்களின் இரைச்சல் அரைத் தூக்கத்தில் தேசிய கீதத்தின் மெட்டாகிறது. எல்லாரும் பாடுகிறார்கள். நான் மட்டும் வாய் மூடி நிற்கிறேன். பயந்து விழித்துக்கொள்கிறேன்.

நம் சபையில் கடவுளைத் தவிர வேறெதையும் பாடுவதில்லை. பள்ளியில் நான் தேசிய கீதம் பாடாததற்கு மற்ற பிள்ளைகள் கேலி செய்த அன்று, வண்டியில் என்னை வைத்துக்கொண்டு வேலம்பாளையம் போகும் வழியில் அந்தக் கதையைச் சொன்னீர்கள்.

"கேரளாவுல மூணு பிள்ளைய, ஏட்டி. பாட்டுக்கு எந்திச்சு நின்னுச்சுவ, வாயத் தொறக்கல. பள்ளிக்கூடத்த விட்டு வெளிய அனுப்பிட்டாவ. கேசு டெல்லி வரைக்கும் போச்சுல்லா!"

"ஜட்ஜு பாடச் சொல்லிப் பாத்தாராப்பா?"

"உன் கொரல் மாதிரி இருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரு."

காற்றில் உங்கள் சட்டை படபடத்தது. ஒவ்வொரு முறையும் கதையில் ஏதாவது சேர்ப்பீர்கள். ஒரு நாள் அந்தப் பிள்ளைகள் மழையில் நடந்தார்கள். இன்னொரு நாள் மூவருக்கும் ஒரே குடை. பிறகு நானே தேடிப் படித்தேன். மழையும் இல்லை, குடையும் இல்லை. ஆனால் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மரியாதையாக எழுந்து நின்றதே போதும், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நிஜம்.

இன்று புதிய தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு அன்பான குரல், அப்பா! "கண்ணு, நாளைக்கு விழாவுக்குப் பெரியவங்கெல்லாம் வாராங்க. நீயும் தேசிய கீதம் பாடோணும். இல்லீன்னா அம்மாவக் கூட்டிட்டு வந்து டி.சி. வாங்கிக்க சாமி."

நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "உதட்ட மட்டும் அசச்சிரு, ஏட்டி. யாரு கேக்கப் போறா? டி.சி. குடுத்துட்டா நீயும் எங்கூட கம்பெனிக்குத்தான் வரணும்."

கண்ணாடி முன் நின்று அசைத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் திறந்து மூடும் என் வாய், அந்தப் பாட்டைப் பழிப்பதுபோல் இருந்தது. "பாட முடியலன்னா பாடாத. பாடுத மாதிரி நடிக்காத, அதுதான் அவமரியாதை" என்பீர்களே, அது அப்போதுதான் புரிந்தது.

நாளை வாய் மூடியே நிற்பேன். கேட்டால் தீர்ப்பைச் சொல்வேன். தலைமை ஆசிரியையிடம்கூடச் சொல்லிவிடுவேன் அப்பா. அம்மாவிடம்தான் எப்படி

விடிந்துவிட்டதா? ஷிப்ட் முடிந்து அம்மா கதவைத் தட்டுகிறாள்.