டீச்சருக்கு விழுந்த ஒரே ஓட்டு

என் கண்ணம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிக்குப் போய் ஏதாவது எடுத்து வரச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடும். அம்மா ஏன் மூன்று வாரமாகப் போனை எடுப்பதில்லை என்று அவரைக் குடைந்தாயாம். கோபமெல்லாம் இல்லையடி. போன் அடித்தாலே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் டிவி நிலையத்தில் வருடாவருடம் குழந்தைகளே ஓட்டுப் போட்டு விருது கொடுக்கும் நிகழ்ச்சி உனக்குத் தெரியும். போன் செய்து வயதையும் பிடித்தவர் பெயரையும் சொல்வார்கள், அது பதிவாகும், நாங்கள் நாலு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக் கோடு போடுவோம். இந்தத் தடவை எல்லார் வாயிலும் குருவிதான், பள்ளிக்கூடத் தொடரில் வால்தனம் செய்யும் பெண்ணாக நடிக்கும் குழந்தை. படப்பிடிப்பு இடைவேளையில் எங்கள் அறைக்கு ஓடி வந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இன்னிக்கும் இதேதானா ஆன்ட்டி என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு முழுவதையும் காலி செய்வாள். ஓட்டு தொடங்கிய வாரம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள் போய்விட்டாள். அவள் இறந்ததைச் செய்தியில் சொன்ன பிறகும் அவளுக்கு ஓட்டு விழுவது நிற்கவில்லை. குருவி எப்ப திரும்பி வருவா என்று கேட்டுவிட்டு வைக்கிற பிள்ளைகளும் உண்டு, அதற்கு எந்தக் கட்டத்தில் கோடு போடுவது, நீயே சொல்.

கடைசி நாள், மிச்சமிருந்த பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒம்போது வயசு, என் ஓட்டு டீச்சருக்கு என்றது ஒரு குரல். கை அப்படியே நின்றுவிட்டது. அதே தொடரில் கொடுமைக்கார டீச்சராக நடிப்பவளுக்கு அதுவரை ஒரு ஓட்டுகூட விழவில்லை, கடையில் பார்த்தால்கூடப் பிள்ளைகள் பழிப்புக் காட்டும். அவங்க நெசமா ரொம்ப நல்லவங்க, யாரும் போட மாட்டாங்க, அதான் நான் போடறேன் என்றது குரல். குருவியேதான். தேதியைப் பார்த்தேன், போவதற்கு முதல் நாள் மதியம். அப்புறம் பேச்சில்லை, மூச்சு மட்டும். தூரத்தில் ஒரு பெண், யாருகிட்ட பேசற என்று கேட்கிறாள். யாருமில்லம்மா என்கிறது குழந்தை. போனை வெச்சிட்டுத் தூங்கு என்கிறாள் அவள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் போனை எடுத்தாலும் அந்த மூச்சுதான் இருக்கும் போல ஒரு பயம்.

எண்ணி முடித்ததும் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். என்னால் முடியவில்லை. மேலதிகாரியிடம் சொன்னால் மேடையிலேயே போட்டுக் காட்டி ஊரையே அழவைப்பார், அதனால் வாயைத் திறக்கவில்லை. விருது குருவிக்குத்தான். அவள் அம்மா வந்து வாங்கிக்கொண்டு உடனே இறங்கிவிட்டாள். முன்வரிசையில் ஒரு பொடிசு கைதட்டாமல் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தது, குருவி எப்போது வெளியே வருவாள் என்று.

மறுநாள் குருவியின் அம்மாவையும் டீச்சராக நடிப்பவளையும் எங்கள் அறைக்கு வரச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் காட்டினேன். நடிகை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மாக்காரி அழவில்லை. கடைசித் துண்டை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள், மூன்று தடவை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைக் கடைசியா அதட்டிட்டேன்னு தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேங்க, மெதுவாத்தானே சொல்லியிருக்கேன் என்றாள். மெதுவாகத்தான் சொல்லியிருந்தாள். ஆமாம் என்றேன். நம்பாமல் நடிகையிடமும் கேட்டாள், அவளும் ஆமாம் என்றாள். இன்னொரு தடவை போடுங்க என்றாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நூறு வயது வாழ வேண்டும். சின்னக்குட்டி தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிறவள், இழுத்துவிட மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா