சனிக்கிழமை கரையில் இருக்கிற ஆள்

மே 4, ஞாயிறு
போதும், இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது. கட்டுமாவடியில் எங்கள் கால்பந்துக் கிளப்புக்கு இந்தக் கோடையில் வெளியாள் ஒருவரை எடுக்க மட்டும்தான் காசு இருக்கிறது. ஆளை அருள்தாஸ் தனியாக முடிவு செய்துவிட்டான். என்னை இறக்கிவிட்டுச் செயலாளர் ஆனவன். மறப்பேனா?

ஜெகதாப்பட்டினத்து வெற்றிசெல்வனாம். விசைப்படகுத் தொழில். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது கரையில் இருக்கிறான்.

மே 6
அவனை ஆடவிட்டுப் பார்த்தார்கள். நான் வேலிக்கு வெளியே. இடது காலால் ஒரு அடி — அப்பா! என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

"என்ன சார், அங்கிட்டே நின்னு மார்க் போடுறீங்களா?" என்றான் அருள்தாஸ். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மே 9
லீக் அட்டவணை வந்துவிட்டது. முக்கால்வாசி ஆட்டம் ஜூன் பாதிக்குமேல், அதுவும் சனிக்கிழமைகளில்! தடை ஜூன் பதினான்கோடு முடிகிறது. அதன்பின் சனிக்கிழமைதோறும் விசைப்படகு கடலுக்குப் போகும். வெற்றிசெல்வன் எங்கே இருப்பான்? எங்கள் ஊர் நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அதனால்தான் அந்தத் தேதி ஒருவனுக்கும் உறைக்கவில்லை. மடையர்கள். இந்த முறையும் தோற்றால் லீக்கை விட்டே வெளியே.

மே 10
குளத்தூர் செம்மலுக்குப் போன் போட்டேன். நன்றாகக் கோல் அடிப்பவன், பள்ளிக்கூட பி.இ.டி. வாத்தியார், சனிக்கிழமை லீவு, இந்த வருடம் எந்தக் கிளப்பிலும் இல்லை!

"பஸ் காசும் ஒரு ஜோடி பூட்ஸும் கொடுங்க சார், வாரேன். கமிட்டியில நீங்க இருக்கீங்கள்ல?"

கமிட்டியில் இல்லை என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். மிச்சக் காசில் ஒரு கோல்கீப்பரே எடுக்கலாம்.

மே 11
முழுத் திட்டத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, கீழே பெயர், பட்டம், 'முன்னாள் செயலாளர்' எல்லாம் போட்டேன். பிரகதீஸ்வரியிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஒங்க பேரப் பாத்ததும் அருள்தாஸ் அண்ணன் கிழிச்சுல்ல போடுவாரு?"

என் மனைவியே இப்படி! தாளைப் பிடுங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன்.

மே 12
அவள் சொன்னதுதான் நிஜம். நானாக இருந்தாலும் அவன் பெயரைப் பார்த்தால் கிழித்திருப்பேன். லீக்கில் ஆள் பதிவுக்கு இன்னும் மூன்றே நாள்.

செம்மலிடம், "என் பேரு வெளிய வரக்கூடாதுப்பா, அருள்தாஸ் கூப்பிட்டா மட்டும் வா" என்று சொல்லிவிட்டேன். அவன் கோல் அடித்தால், அருள்தாஸ் கண்டெடுத்த ஆள் என்று ஊரே பேசும். வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும்.

கீழ்வரியைக் கத்தரித்துவிட்டேன். காலைப் பயிற்சிக்கு ஆள் வருமுன் கிளப் போர்டில் ஒட்டிவிட்டு வரவேண்டும் — பெயர் இல்லாமலே.